ரிச்மண்டில் இருக்கும் மகளுக்கு

அன்புள்ள கண்ணு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். அம்மாவுக்கு முட்டிவலி பரவாயில்லை. சித்திரையில் பேசியது, இப்போது ஆவணியே பிறந்துவிட்டது. வேலை அதிகம் என்று தம்பி சொன்னான். சரி, வேலை இருக்கத்தான் செய்யும். நேரத்துக்குச் சாப்பிடு. இரவில் கார் ஓட்டாதே.

இரண்டு மாதமாக உங்கள் வர்ஜீனியாவைப் பற்றியேதான் படித்துக்கொண்டிருக்கிறேன். 31 வருஷம் வரலாறு எடுத்தவன் நான், அமெரிக்க உள்நாட்டுப் போரை ஒரே பீரியடில் முடித்துவிடுவேன். 1861இல் தொடங்கியது, 1865இல் முடிந்தது, லிங்கன் அடிமைகளை விடுவித்தார், அடிக்கோடு போட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவேன். அதற்குப் பிறகு என்ன ஆனது என்று ஒரு பிள்ளையும் கேட்டதில்லை, நானும் தேடியதில்லை. நீ இருக்கும் ரிச்மண்ட்தான் பிரிந்துபோன தென்மாநிலங்களின் தலைநகரமாக இருந்தது என்பதைக்கூட நீ வேலைக்குப் போன பிறகுதான் கவனித்தேன்.

1865 டிசம்பரில் அமெரிக்க அரசியல் சட்டத்தில் 13வது திருத்தம் வந்து அடிமைமுறை ஒழிந்தது. ஆனால் அதே சமயத்தில் தென்மாநிலங்கள் கறுப்பின மக்களுக்கென்று தனிச் சட்டங்கள் போட்டன. மிசிசிப்பியில் ஜனவரி மாதம் வந்தால் வேலைக்கு எழுத்தில் அத்தாட்சி காட்ட வேண்டும். இல்லையென்றால் ஊர்சுற்றி என்று பிடித்து அபராதம், அபராதம் கட்ட முடியாவிட்டால் கட்டுகிறவனிடம் வேலை. பெயரை மாற்றிப் பழையதையே கொண்டுவந்தார்கள். அதைத் தடுக்க 1866இல் காங்கிரஸ், அதாவது அவர்கள் நாடாளுமன்றம், ஒரு குடிமை உரிமைச் சட்டம் போட்டது. ஜனாதிபதி ஜான்சன் ஏற்க மறுத்துத் திருப்பி அனுப்பினார், அவரை மீறித்தான் நிறைவேற்றினார்கள். ஆனாலும் சட்டத்தை நாளைக்கு வேறு ஆட்கள் வந்து நீக்கிவிடலாமே. அந்தப் பயத்தில்தான் அரசியல் சட்டத்திலேயே எழுதினார்கள். அதுதான் 1868இல் வந்த 14வது திருத்தம். அந்த மண்ணில் பிறந்தவர் குடிமகன், சட்டத்தின் சமமான பாதுகாப்பை யாருக்கும் மறுக்கக் கூடாது. உங்கள் வர்ஜீனியா முதலில் அதை நிராகரித்தது. ஒப்புக்கொண்டால்தான் காங்கிரஸில் மறுபடி இடம் என்று ஆன பிறகு, 1869இல் ஒப்புக்கொண்டது.

நம் அரசியல் சட்டத்திலும் சட்டங்களின் சமமான பாதுகாப்பு என்று வருகிறதே, அந்தச் சொல் அங்கிருந்து வந்ததுதான். நம்முடையதிலும் அது 14வது பிரிவுதான். அந்த எண்ணைக் கரும்பலகையில் எத்தனை தரம் எழுதியிருப்பேன்.

எழுதிவைத்துவிட்டால் நடந்துவிடுமா? வெள்ளையருக்கும் கறுப்பருக்கும் ஒரே பள்ளிக்கூடம் என்று 1954இல் உச்ச நீதிமன்றம் சொன்னதற்கு, உங்கள் பக்கம் பிரின்ஸ் எட்வர்ட் கவுண்டியில், கவுண்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி, 1959இல் அரசுப் பள்ளிக்கூடம் எல்லாவற்றையும் இழுத்து மூடிவிட்டார்கள். 5 வருஷம். வெள்ளைப் பிள்ளைகள் படிக்கத் தனியார் பள்ளி வைத்துக்கொண்டார்கள். மற்றப் பிள்ளைகளில் எத்தனையோ பேருக்குப் படிப்பு அத்தோடு போனது. ஒரு வாத்தியாராக எனக்கு அதைப் படித்துவிட்டு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. ஓட்டுப் போட 1 டாலர் 50 சென்ட் வரி வாங்கிக்கொண்டிருந்ததும் அதே வர்ஜீனியாதான், 1966இல் நீதிமன்றம் நிறுத்தும்வரை.

அப்புறம் அந்தக் கொத்தனார் கதை. உனக்குத் தெரிந்திருக்கும், நீ இருக்கிற இடத்துக்கு வடக்கே கரோலைன் கவுண்டிதானே. ரிச்சர்ட் லவ்விங் வெள்ளைக்காரர், மில்ட்ரெட் கறுப்பினப் பெண், பதினெட்டு வயது. வெள்ளையரும் கறுப்பரும் கல்யாணம் செய்துகொள்வது வர்ஜீனியாவில் சட்டப்படி குற்றம். அதனால் 1958 ஜூனில் வாஷிங்டன் போய்க் கல்யாணம் செய்துகொண்டு ஊருக்குத் திரும்பினார்கள். ஜூலையில் ஒரு நள்ளிரவு ஷெரிஃப் ஆட்களோடு படுக்கையறைக்குள்ளேயே வந்து டார்ச் அடித்து, இவள் யார் என்று கேட்டிருக்கிறார். மில்ட்ரெட் நான் இவர் மனைவி என்றாள். சுவரில் கல்யாணச் சான்றிதழ் மாட்டியிருந்தது. அது இங்கே செல்லாது என்று சொல்லிவிட்டு இருவரையும் கூட்டிக்கொண்டு போய்விட்டார். ஒரு வருஷம் சிறை, இல்லையென்றால் 25 வருஷத்துக்கு இருவரும் சேர்ந்து மாநிலத்துக்குள் வரக் கூடாது. ஊரை விட்டுப் போனார்கள். சில வருஷம் பொறுத்துப் பார்த்துவிட்டு அந்தப் பெண் அட்டர்னி ஜெனரலாக இருந்த ராபர்ட் கென்னடிக்கு ஒரு கடிதம் எழுதினாள். வழக்கு அதில் இருந்துதான் வளர்ந்தது. இருவருக்கும் ஒரே தண்டனைதானே கொடுக்கிறோம், இதில் சமமின்மை எங்கே என்று மாநிலத்தின் தரப்பில் வாதாடினார்கள் கண்ணு. 1967 ஜூன் 12, ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில் அந்தச் சட்டம் செல்லாது என்றார்கள். எடுத்துக்கொண்டது 14வது திருத்தத்தைத்தான். 99 வருஷமாக அந்த வரி அங்கேயே இருந்திருக்கிறது.

நீ சின்ன வயதிலேயே எல்லாவற்றையும் எதிர்த்துக் கேட்பாய். பள்ளி ஆண்டுவிழாவில் நீ பேசியதை இன்றைக்கும் இங்கே சொல்வார்கள். ஆனாலும் ஒரு வார்த்தை முன்னாலேயே சொல்லியிருக்கலாம். எல்லாம் முடிந்த பிறகு போனில் தெரிந்துகொள்கிற ஆளா உன் அப்பா?

சொன்னால் நான் என்ன செய்திருப்பேன் என்பது உனக்குத் தெரியும். அதனால்தான் சொல்லவில்லை.

சரோஜா அத்தை விஷயம் உனக்குத் தாத்தா பேரில்தான் சொல்லப்பட்டிருக்கும். தாத்தா பழநிக்கு வரவே இல்லை கண்ணு. அந்த லாட்ஜுக்கு ஐந்து பேர் போனோம், விடியற்காலை மூன்று மணி இருக்கும். கதவைத் தட்டியது நான். கழுத்தில் இருந்ததைக் கழற்றச் சொன்னதும் நான். அந்தப் பையன் கோயில் ரசீதை எடுத்து நீட்டினான், நான் அதை வாங்கிக் கிழித்தேன். அவன் என்ன சாதி என்பது மட்டும்தான் எங்களுக்குப் பெரிதாக இருந்தது. அத்தை இத்தனை வருஷத்தில் என்னை ஒரு வார்த்தை கேட்டதில்லை. உன் சடங்குக்கு அந்தப் பச்சைப் பட்டை எடுத்துக்கொண்டு வந்து, எல்லாருக்கும் முன்னால் சிரித்துக்கொண்டே நின்றாள். நான் அவளிடம் இன்னும் பேசவில்லை. போன வாரம் அவள் வீட்டுத் திண்ணையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு மழையைப் பற்றிப் பேசிவிட்டு வந்தேன். இந்த வாரம் மறுபடி போகிறேன்.

இரவில் கார் ஓட்டாதே. இருவராகப் போனாலும் வேண்டாம். போலீஸ் நிறுத்தினால் கையை வெளியே தெரிகிற மாதிரி வைத்துக்கொள்ளச் சொல், மெதுவாகப் பேசச் சொல். கோபக்காரரா அவர்? சட்டம் இருக்கிறது என்று நம்பி எங்கேயும் வாக்குவாதம் வேண்டாம். இதைத்தான் தினமும் நினைத்துக்கொண்டு படுக்கிறேன், அம்மாவிடம் சொல்லவில்லை.

நீ சித்திரையில் அனுப்பிய போட்டோவை அம்மா பார்க்கவில்லை. அவள் பார்ப்பதற்குள் நான் போனிலிருந்து அழித்துவிட்டேன். அவள் இரண்டு தரம் கேட்டாள், வரவே இல்லை என்று சொன்னேன். தம்பியிடம் கேட்கலாம், ஆனால் நீ அனுப்பினால் நல்லது. இருவரும் தெளிவாகத் தெரிகிற படமாகப் பார்த்து அனுப்பு கண்ணு, ஸ்டுடியோவில் கொடுத்துப் பெரிதாகப் போட வேண்டும்.

அப்பா