மரம் முழுசாப் போனா கூலி கம்மி

தாம்பரம்,
புரட்டாசிக் கடைசி

அன்புள்ள குணா,

இங்கே எல்லாரும் சுகம். அங்கேயும் அப்படித்தான்னு சோடாபுட்டி சொன்னான். தீபாவளிக்கு வரேன்னு சொன்னதை இந்த வருஷமும் கணக்குல எடுக்காதே. மழை தொடங்கப்போற நேரத்துல நான் சென்னையை விட்டு நகர்ந்தா அடுத்த ஆறு மாசத்துக்குச் சோறு கிடையாது. அம்மாகிட்ட நீயே பக்குவமாச் சொல்லிடு. நான் சொன்னா, "காலேஜ் படிக்கவெச்சது மரம் வெட்டவா"ன்னு முதல்லேருந்து ஆரம்பிச்சிடும்.

எழுத உட்கார்ந்தது ஏழுமலை அண்ணன் விஷயமா. இறங்கிட்டார். பதறாதே, விழலை. இனிமே மரம் ஏறமாட்டேன்னு சொல்லிட்டார்.

சேலையூர்ப் பக்கம் ஒரு வீட்டுல தூங்குமூஞ்சி மரம். ஒரு பெரிய கிளை பக்கத்து வீட்டு ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு மேலே படுத்திருந்தது. அண்ணன் வழக்கம்போல அருவா முதுகால அடிமரத்தைச் சுத்திச் சுத்தித் தட்டிப் பார்த்தார். அந்தச் சத்தத்துலயே உள்ளே பொந்தா கெட்டியான்னு சொல்லிடுவார். அப்புறம் வேர்ப்பக்கம் குனிஞ்சு காளான் முளைச்சிருக்கான்னு ஒரு பார்வை. அடியில தட்டுத்தட்டா காளான் இருந்தா, மேலே எவ்வளவு பச்சையா இருந்தாலும் ஏறமாட்டார். அன்னிக்கு எல்லாம் சரி. ஏறினார், கிளையோட நுனியிலயும் நடுவுலயும் கயிறு கட்டி, மேலே ஒரு கவட்டையில கப்பி போட்டு எங்ககிட்ட விட்டார். முதல் அறுப்பு அடிப்பக்கத்துலேருந்து, மரத்தைவிட்டு ஒரு முழம் தள்ளி, கால்வாசிக்கு மேலே போகாம. ரெண்டாவது அறுப்பு மேல்பக்கத்துலேருந்து, அதுக்கும் கொஞ்சம் வெளியே. கிளை மடக்குன்னு முறிஞ்சு கயித்துல தொங்கிச்சு. அடிமரத்துல ஒரு விரக்கடை பட்டைகூட உரியலை. கடைசியில மிச்சமிருந்த முண்டை, கிளை அடியில சுருக்கம் விழுந்து உப்பியிருக்குமே, அந்த வளையத்தைத் தொடாம வெளிப்பக்கமா சீவி எடுத்தார். கூரையில ஒரு சுள்ளிகூட விழலை.

கீழே வந்து கால் கழுவினார். கயித்தைச் சுருட்டி என் கையில கொடுத்து, "தம்பி, இதோட போதும். முட்டி சொன்ன பேச்சு கேக்கலை. கீழ நின்னு கயிறு புடிக்கிறேன்"னார். அவ்வளவுதான். நான் பேச வாயெடுக்குறதுக்குள்ள டீ குடிக்கப் போயிட்டார்.

அந்த வளையத்தைப் பத்தி உன்கிட்ட முன்னாடியும் அளந்திருக்கேன், திட்டாதே. அமெரிக்க வனத்துறையில அலெக்ஸ் ஷைகோன்னு ஒருத்தர் இருந்தார். ஆயிரக்கணக்கான மரத்தை நெடுக்க அறுத்து, காயம் பட்ட இடத்துக்குள்ள என்ன நடக்குதுன்னு பார்த்த மனுஷன். நமக்கு ஆறுற மாதிரி மரத்துக்குக் காயம் ஆறாது, கெட்டுப்போன இடத்தைச் சுத்திச் சுவர் எழுப்பி ஒதுக்கிவெச்சிட்டு வெளிப்பக்கமா வளர்ந்துக்கும்னு சொன்னார். அதனாலதான் அடிமரத்தோட ஒட்டி மழமழன்னு அறுக்கக்கூடாது, அந்த வளையத்தை விட்டுடணும். அறுத்த இடத்துல தார் பூசுறது, பொந்துல சிமென்ட் அடைக்கிறது எல்லாம் வேண்டாத வேலைன்னு இப்போ இந்தத் தொழில்ல படிச்சவங்க பெரும்பாலும் சொல்றாங்க. நான் புத்தகம் புரட்டித் தெரிஞ்சுக்கிட்டதை அண்ணன் அவங்க அப்பா பின்னாடி நின்னு பார்த்தே கத்துக்கிட்டார். ஆனா சாணி மட்டும் பூசுவார். விடச் சொல்லிப் பார்த்தேன், "அது மரத்துக்கில்லை, எனக்கு"ன்னுட்டார்.

சரி, அண்ணன் இறங்கினதுக்கும் என் வயித்தெரிச்சலுக்கும் சம்பந்தம் இருக்கு. கேளு.

இந்தத் தொழில்ல கட்டைதான் காசு. பட்டா நிலத்துல நிக்குற மரம், முழுசா எடுக்கச் சொல்றாங்கன்னா கட்டை வெட்டுறவனுக்கு. வேம்பு, பூவரசுன்னா மரவாடிக்குப் போகும். தூங்குமூஞ்சி பலகைக்குப் போகும். மிச்சம் மீதி விறகுக்கு. குல்மோகர்னா விறகுக்கடைக்காரனே மூஞ்சியைத் திருப்பிக்குவான், அது வேற. ஆக, முழு மரம்னா வெட்டுறவன் கூலியே கேக்கமாட்டான். சில பேர் வீட்டுக்காரங்களுக்கு மேலே ஐயாயிரம் கொடுத்துட்டுப் போவான். அதே மரத்தை அளவாக் கழிச்சு, காத்துக்கு வழிவிட்டு, காய்ஞ்ச கிளையை மட்டும் எடுத்துட்டு நிக்கவைக்கணும்னா? எனக்குக் கிடைக்கிறது தழை. ஏறுறவருக்கு ஒரு நாளைக்கு ரெண்டாயிரம், கீழே கயிறு பிடிக்க மூணு ஆள், ரெண்டு நாள் வேலை, செயின் சாவுக்குப் பெட்ரோல், ஆயில், தழையை அள்ள டாடா ஏஸ் மூணு நடை. பதினெட்டாயிரம் சொன்னாத்தான் எனக்கு வீட்டுக்கு ஏதாவது மிஞ்சும்.

வீட்டுக்காரர் காதுல இது எப்படி விழும்னு யோசி. ஒருத்தன் மரத்தை எடுத்துட்டுக் கையில காசும் கொடுக்குறேங்கிறான். இன்னொருத்தன் மரத்தை அங்கேயே விட்டுட்டுப் பதினெட்டாயிரம் கேக்குறான். நானே அந்த வீட்டுக்காரரா இருந்தா என்னை உள்ளே விடமாட்டேன்.

ரெண்டுக்கும் நடுவுல ஒரு வியாதி இருக்கு, மொட்டை. "சார், மழை வருது, பயமா இருக்கு, மொட்டை அடிச்சிடுங்க." பத்து போன் வந்தா ஏழு இதுதான். மொட்டை அடிச்சா கட்டையும் கொஞ்சம் தேறும், வீட்டுக்காரருக்கு மரத்தைக் கொன்ன பாவமும் இல்லை. ஆனா இலை மொத்தமும் போனா மரம் எதைத் தின்னும்? சேர்த்துவெச்சதை எல்லாம் போட்டு, அறுத்த முண்டைச் சுத்தி விளக்குமாறு மாதிரி குச்சி குச்சியாத் தள்ளும். அந்தக் குச்சிக்கு உள்மரத்துல பிடிப்பு கிடையாது, பட்டைக்கு அடியில ஒட்டிக்கிட்டு நிக்கும். முண்டு உள்ளே மக்கிக்கிட்டே போகும், மேலே குச்சி கிளையாப் பருக்கும். ரெண்டு மூணு வருஷம் கழிச்சு ஒரு காத்துல பிய்ச்சுக்கிட்டு விழுறது அதுதான். அப்போ, "பார்த்தீங்களா, அப்பவே முழுசா எடுத்திருக்கணும்"னு என்கிட்டயே சொல்வாங்க.

2016 டிசம்பர் 12ல வர்தா அடிச்சப்போ நீ இங்கே இல்லை. ஊரே படுத்துடுச்சுடா. தெருவுக்குத் தெரு குல்மோகரும் பெருங்கொன்றையும்தான் குறுக்கே கிடந்தது. மடகாஸ்கர்லேருந்து வந்த குல்மோகர் அழகுக்கு வெச்சது, கிளை சட்டுனு முறியும். நம்ம வேம்பும் புங்கையும் பெரும்பாலும் கிளையைக் கொடுத்துட்டுத் தலை தப்பிச்சுது. அன்னிக்கு வேரோட சாய்ஞ்சு கிடந்ததை நீ பார்த்திருக்கணும், ஒருபக்கம் வேரே இல்லை. கால்வாய் தோண்டினப்போ, கேபிள் போட்டப்போ, அடிமரம் வரைக்கும் சிமென்ட் போட்டப்போ நறுக்கினது. காலை வெட்டிட்டுக் காத்தைக் குத்தம் சொல்லி என்ன பண்றது? வெட்டுறதுக்கு ஒருநாள்கூட யாரும் என்னைக் கூப்பிட மறந்ததில்லை. வேரைச் சுத்தி சிமென்ட்டைப் பேர்த்து மண்ணு தெரியவைங்கன்னு இதுவரைக்கும் கூப்பிட்டவங்க ரெண்டு மூணு பேர் தேறுவாங்க.

வர்தாவுக்கு அப்புறம்தானே நானும் இந்தத் தொழிலுக்குள்ள வந்தேன். ரெண்டு வருஷத்துல கஜா. பேராவூரணியில உன் தோப்புல ரம்பத்தோட வந்து நின்னப்போ உங்க அப்பா என்னைப் பார்த்துச் சிரிச்சாரே, "புயல் வந்தா மகராசனுக்கு வேலை"ன்னு. அந்தச் சிரிப்பு இன்னும் கண்ணுக்குள்ளயே இருக்கு. படுத்த தென்னையைத் துண்டு போட்டு இழுக்க மட்டும்தான் என்னால முடிஞ்சுது. அவர்கிட்ட நான் அன்னிக்குக் கூலி வாங்கலைன்னு நீ இன்னும் சொல்லலைன்னு தெரியும். சொல்லாதே.

விஷயத்துக்கு வரேன். கட்டைக் கணக்கை உடைக்கலாம்னு ஒரு யோசனை பண்ணினேன். கூலி தனி, கட்டை தனின்னு சீட்டுல ரெண்டு வரியா எழுதிக் கொடுக்குறது. "இந்த மரத்தை எடுத்தா கட்டை இவ்வளவுக்குப் போகும், சும்மா வெட்டித்தரேன்னு வர்றவன் இதைத்தான் கொண்டுபோறான்"னு வெளிப்படையாச் சொல்லிடுறது. ஏமாத்துறானேன்னு கோபம் வந்தாவது மரத்தை விட்டுவைப்பாங்கன்னு நினைச்சேன். ஒரு ரிட்டயர்டு டீச்சரம்மா அப்படித்தான் கோபப்பட்டாங்க, அவங்க வீட்டுப் பூவரசு தப்பிச்சுது. குரோம்பேட்டையில இன்னொருத்தர் சீட்டைப் பார்த்தார். கண்ணாடியைக் கழட்டித் துடைச்சு மாட்டி மறுபடியும் பார்த்தார். "இந்த வேப்பமரத்துக்கு இவ்வளவு வருமா தம்பி?" மறுவாரம் அந்த வழியாப் போறேன், கார் நிறுத்த டைல்ஸ் போட்டுக்கிட்டு இருக்காங்க. முப்பது வருஷ வேம்பு. நேரா மரவாடிக்காரனையே கூப்பிட்டு வித்துட்டார் மனுஷன். கழிக்கத்தான் என்னை முதல்ல கூப்பிட்டார்.

இப்போ சொல்லு. விலையைச் சொல்லணுமா, மறைக்கணுமா? என் வீட்டுல, "உனக்கெதுக்கு, கேட்டதை வெட்டிட்டு வா"ங்கிறா. ஏழுமலை அண்ணன், "காசு தெரிஞ்சவன் கையில மரம் நிக்காது"ங்கிறார். நான் இன்னும் எழுதித்தான் கொடுக்குறேன், பிடிவாதம்னே வெச்சுக்கோ. நீ என்ன செய்வே? தோப்பு வெச்சிருக்கவன், காயை எண்ணி வியாபாரிகிட்ட மல்லுக்கட்டுறவன். உனக்கு இதுல ஒரு புத்தி இருக்கும்.

மத்தபடி தினப்படித் தொல்லை வழக்கம்போலத்தான். தெருவோர மரம்னா அனுமதி இல்லாம கை வைக்கமுடியாது, பொது இடத்து மரத்தை எடுக்குறதுன்னா மாவட்டப் பசுமைக் குழு வரைக்கும் போகணும். அது நல்லதுதான்னு நான் சொன்னா என் ஆளுங்களே முறைக்கிறாங்க. கரண்ட் கம்பி பக்கத்துலன்னா லைன் நிறுத்தாம ஒரு சுள்ளிகூட ஒடிக்கமாட்டேன், அதுல பேச்சே கிடையாது. அரசமரம்னா ஆளே கிடைக்கமாட்டான். கோயில் பக்கத்துல சுவரைப் பிளந்துக்கிட்டு நின்ன அரசு ஒண்ணு, அண்ணன்தான் சூடம் ஏத்தி, "குடியிருக்கிறவங்க வேற இடம் பார்த்துக்குங்க"ன்னு சொல்லிட்டு அருவாளை எடுத்தார். குடியிருந்தது முசுறு எறும்பு. அது எங்கேயும் போகலை, எல்லாரையும் பதம் பார்த்துடுச்சு.

தழை அரைக்கிற மெஷின் ஒண்ணு செகண்ட்ஹேண்டுல வாங்கியிருக்கேன். மாடித்தோட்டக்காரங்க செடி அடியில மண்ணை மூடுற மூடாக்குக்கு மூட்டை மூட்டையா வாங்குறாங்க. தழையைக் காசு கொடுத்து ஏத்தி அனுப்பினது போய், இப்போ தழை கொஞ்சம் காசு கொடுக்குது. இது ஒழுங்கா ஓடினா, கழிக்கிற கூலியைப் பதினாலாயிரம் வரைக்கும் இறக்கலாம்னு கணக்குப் போட்டுவெச்சிருக்கேன். கட்டைக்காரனோட மோத எனக்கு வேற ஆயுதம் இல்லை.

போன மாசம் அடையாறு போனப்போ பிரம்மஞான சபை ஆலமரத்தைப் பார்த்துட்டு வந்தேன். 1989ல புயல்காத்துல நடு அடிமரமே சாய்ஞ்ச மரம், விழுதை வெச்சு இன்னிக்கும் பரந்து நிக்குது. அதுக்கு மட்டும் கட்டை விலை யாரும் கேக்கலை பாரு.

இப்போ உன்னால ஆகவேண்டியது. அண்ணன் இடத்துக்கு ஆள் வேணும். இங்கே பையன்கள் பைக்ல சோறு கொண்டுபோய்க் கொடுக்குற வேலைக்குத்தான் போறாங்க. தப்பு சொல்லமாட்டேன், அதுல விழுந்தா முழங்கால் சிராய்க்கும், இதுல விழுந்தா என்னன்னு உனக்கே தெரியும். தென்னை ஏறுறவங்களுக்குத் தென்னை வாரியத்தோட கேர சுரக்ஷான்னு விபத்துக் காப்பீடு இருக்கு. வேம்பும் தூங்குமூஞ்சியும் ஏறுறவன் அதுக்குள்ள வரமாட்டான். அதனால ஆளுக்குத் தனியா விபத்துப் பாலிசி நான் கட்டுறேன், ஹார்னஸ்னு உடம்புல மாட்டுற பாதுகாப்புப் பட்டை இல்லாம ஏறவிடமாட்டேன். அண்ணன் கடைசி வரைக்கும் அதை மாட்டிக்கிட்டதில்லை, "மாட்டுக்குத்தான் கயிறு"ம்பார். ஆனா புதுப் பையன்கிட்ட முதல்ல அதை மாட்டச் சொல்றது அவர்தான் இருக்கணும்னு சத்தியம் வாங்கியிருக்கேன்.

உங்க ஊர்ல தென்னை ஏறுற பையன், குடிக்காதவன், உயரத்துல பேச்சு குறையிறவனா ஒருத்தன் இருந்தா அனுப்பு. தங்குறதுக்கு மாடியில ரூம் இருக்கு. ஆறு மாசம் அண்ணன் கீழே நின்னு சொல்லிக்கொடுப்பார். தென்னை ஏறத் தெரிஞ்சா பாதி வந்தாச்சு. மீதி, எந்தக் கிளையை விடணும்ங்கிறது. உன் மச்சானை மட்டும் அனுப்பிடாதே, வாழைக்கு ஏணி போட்ட ஆள் எனக்கு வேண்டாம்.

சோடாபுட்டி பொண்ணு கல்யாணத்துக்கு மொய் எவ்வளவு எழுதப்போறேன்னு மறக்காம பதில் போடு. ரெண்டு பேரும் ஒரே தொகையா எழுதிடலாம். போன தடவை நீ பண்ணினதுக்கு என் வீட்டுல இன்னும் பேச்சு வாங்கிக்கிட்டு இருக்கேன்.

அன்புடன்,
சேகர்