“குடும்பத்துக்காகத்தானே” என்று வரும் சோதனை

கிறிஸ்துவுக்குள் பிரியமான மாப்பிள்ளைக்கு,

ஸ்தோத்திரம். கர்த்தருடைய கிருபையால் இங்கே எல்லாரும் சுகம். நீயும் சுகமாக இருக்கிறாய் என்று நம்புகிறேன்.

நீ அனுப்பிய நீளமான வாட்ஸ்அப் செய்தியை ஒன்றுக்கு இரண்டு தடவை வாசித்தேன். போனில் பேசினால் பாதியில் யாராவது வந்துவிடுவார்கள், பேச்சும் வேறெங்கோ போய்விடும். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் ஊர்ச் செய்தி. ஈஸ்டருக்கு முந்தின லெந்து நோன்புக் காலம் தொடங்கிவிட்டது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் கோயிலில் தியானக் கூட்டம் நடக்கிறது. வயசானவர்கள்தான் அதிகம் வருகிறார்கள், ஆனாலும் பாட்டு நன்றாக இருக்கிறது. பதநீர் இறங்க ஆரம்பித்துவிட்டது. மரம் இருக்கிறது, ஏறத்தான் ஆள் இல்லை. நீ இருக்கிற துபாயிலும் எல்லாம் மாறிவிட்டது போல. நீ போன புதிதில் வெள்ளிக்கிழமைதான் உங்களுக்கு ஆராதனை நாள். 2022 ஜனவரியில் வார விடுமுறையை அந்த அரசாங்கம் சனி, ஞாயிறுக்கு மாற்றியபோது, “இனி ஊரில் கோயில் மணி அடிக்கிற அதே நாளில் நானும் கோயிலுக்குப் போவேன்” என்று எவ்வளவு சந்தோஷமாகச் சொன்னாய்! இப்போது அந்த ஞாயிற்றுக்கிழமையில் திருவிருந்துக்குப் போகவே மனசு கூசுகிறது என்று எழுதியிருக்கிறாய். அதைத்தான் என்னால் சும்மா வாசித்துவிட்டுப் போக முடியவில்லை.

கம்பெனி விருந்தில் குடிக்கச் சொல்கிறார்கள், ராத்திரி அறையில் தனியாக இருக்கும்போது கைபேசி கெடுக்கிறது என்றெல்லாம் எழுதியிருந்தாய். அதற்கெல்லாம் உனக்கு நான் புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. அது பாவம் என்று உனக்கே தெரியும். எஜமானின் மனைவி இழுத்தபோது யோசேப்பு செய்ததுபோல அந்த இடத்தை விட்டு ஓடிவிடு. நின்று வாதம் பண்ணாதே.

உன் பர்ச்சேஸ் வேலையில் சப்ளையர் பணம் போட்டு வைக்கிற அந்தக் கவர் விஷயம் அப்படி இல்லை. அதை நீ பாவம் என்று எழுதவில்லை, கேள்வியாக எழுதியிருக்கிறாய். “நான் யாரிடமும் கேட்கவில்லை. விலையைக் கூட்டவில்லை. வேலையை ஒழுங்காகத்தான் செய்கிறேன். சப்ளையர் தானாகக் கொண்டுவந்து வைக்கிறார். சின்னவளுக்குக் காலேஜ் சீட் வாங்க வேண்டும். எனக்காகவா வாங்குகிறேன், குடும்பத்துக்காகத்தானே?” என்று. கூடவே ஒரு வசனமும்: தன் வீட்டாரை விசாரியாமற்போனால் அவன் அவிசுவாசியிலும் கெட்டவன் என்று பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதியது.

மாப்பிள்ளை, நம்மைப் போன்ற ஆட்களிடம் சாத்தான் சாராயப் பாட்டிலோடு வருவது குறைவு. பிள்ளையின் பீஸ் ரசீதோடு வருகிறான், தங்கச்சி கல்யாணத்தோடு வருகிறான், அம்மாவின் ஆஸ்பத்திரிச் செலவோடு வருகிறான். ஞானஸ்நானத்தில் நம் பேரில் ஞானப்பெற்றோர் பிசாசையும் உலகத்தையும் மாம்சத்தையும் வெறுத்துவிடுவதாக வாக்குக் கொடுத்தார்கள். வளர்ந்த பிறகு திடப்படுத்தலில் அதையே நாம் நம் வாயால் சொன்னோம். குடும்பத்தை வெறுப்பதாக யாரும் சொல்லவில்லை, சொல்லவும் கூடாது. அதனால்தான் அந்தப் பக்கத்துக் கதவுக்கு நாம் தாழ்ப்பாள் போடுவதில்லை. அன்பு, கடமை என்று நல்ல பெயரோடு வருகிறதை யார் தடுப்பார்கள்?

உபதேசம் மட்டும் பண்ணுகிறேன் என்று நினைத்துவிடாதே. என் வீட்டில் நடந்ததையும் சொல்கிறேன்.

மகனுக்குப் பெண் பார்க்கிறோம் என்று முன்பே சொல்லியிருந்தேன். கிறிஸ்துமஸ் கழிந்து ஒரு நாள், சொந்தத்தில் பெரியவர் ஒருவர் வந்தார். நல்ல மனுஷன், சபையில் மரியாதை உள்ளவர். சாயா குடித்து முடித்ததும் சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த தாள் ஒன்றை எடுத்து டீபாயின் மேல் விரித்து வைத்தார். பெண்ணின் படிப்பு, சபை, தகப்பனார் வேலை எல்லாம் மேலே இரண்டு வரியில். அதற்குக் கீழே ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே எத்தனை பவுன், எவ்வளவு ரொக்கம், என்ன கார் என்று வரிசையாக. காருக்கு எதிரே மட்டும் “பையன் விருப்பப்படி” என்று எழுதியிருந்தது. “நாம கேக்கலியே, அவங்களாப் பிரியப்பட்டுத் தாறாங்க” என்றார். நீ எழுதிய அதே சொல்!

உன் தங்கச்சி, என் மனைவி, ஒன்றும் பேசவில்லை. வீட்டுக் கடன் பாக்கி அவள் மனதில் ஓடியிருக்கும், எனக்கும் ஓடியது. அந்தப் பெரியவர் கெட்டிக்காரர், அடுத்ததாக என் அக்காவைப் பற்றிப் பேசினார். அக்கா கல்யாணத்துக்கு எங்க அப்பா பனைவிளையை விற்றதை நீயே பார்த்திருக்கிறாய். கடைசிவரை அந்த வழியாக நடக்கமாட்டேன் என்று சுற்றிப் போவார். “அன்னைக்கு விட்டதை இன்னைக்குப் பிடிக்கிறது தப்பா?” என்று அந்தப் பெரியவர் கேட்டார். நம் ஊரில் வரதட்சணை சாகாமல் இருப்பதே இந்தக் கேள்வியால்தான். ஒவ்வொரு வீடும் தான் இழந்ததை அடுத்த வீட்டில் வசூல் பண்ணுகிறது. கொடுத்தவன் வாங்குகிறான், வாங்கியவன் மகளுக்குக் கொடுக்கிறான், யாருமே தன்னைக் குற்றவாளியாக நினைப்பதில்லை. வாங்கினாலும் கொடுத்தாலும் குற்றம் என்று 1961ல் சட்டம் போட்டார்கள். நம் கோயிலிலோ கல்யாண அறிவிப்பான ஓலையை மூன்று ஞாயிறு வாசித்து, தடை ஏதாவது உண்டா என்று சபையைக் கேட்கிறார்கள். ரொக்கம் கைமாறியிருக்கிறது என்று எழுந்து சொன்ன ஒருவரை நான் பார்த்ததில்லை.

நான் அந்தத் தாளை மடித்து அவர் கையிலேயே கொடுத்தேன். பெண்ணைப் பிடித்திருந்தால் பேசலாம், கோட்டுக்குக் கீழே உள்ளது ஒன்றும் வேண்டாம், அவர்கள் மகளுக்குப் போடுகிற நகை அவளுடையது, அதில் எங்களுக்குப் பேச்சில்லை என்றேன். அப்புறம் என்ன நடந்தது தெரியுமா? பெண் வீட்டார் ஒதுங்கிவிட்டார்கள். “ஒண்ணும் வேண்டாங்காங்களே, பையனுக்கு ஏதும் கொறை இருக்குமோ?” என்று விசாரித்தார்களாம். நல்ல சம்பந்தம், கைவிட்டுப் போனது. மகனுக்கும் கொஞ்ச நாள் வருத்தம்தான்.

இதை உனக்கு மறைக்காமல் எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. பாவத்தை மறுத்தால் கர்த்தர் இரட்டிப்பாய்த் திருப்பித் தருவார் என்று கன்வென்ஷன் மேடைகளில் சொல்லக் கேட்டுக் கேட்டு நமக்கு அதுவே சுவிசேஷம் என்று ஆகிவிட்டது. டிசம்பர் 31 ராத்திரி ஆராதனை முடிந்ததும் வாக்குத்தத்த அட்டை எடுக்கிறோம். ஆசீர்வதிப்பேன், பெருகப்பண்ணுவேன் என்று வந்தால் ஸ்தோத்திரம் சொல்லி வாசலுக்கு மேல் ஒட்டுகிறோம். அதே வேதத்தில் “பரிதானம் வாங்காதிருப்பாயாக, பரிதானம் பார்வையுள்ளவர்களைக் குருடாக்கி, நீதிமான்களின் வார்த்தைகளைப் புரட்டும்” என்று லஞ்சத்தைப் பற்றி யாத்திராகமத்தில் இருக்கிறதே, அந்த வசனம் எழுதிய அட்டையை நீ எந்த வீட்டு வாசலிலாவது பார்த்திருக்கிறாயா? பெண்ணுக்கு மறுப்புச் சொன்ன யோசேப்புக்குக் கிடைத்தது முதலில் சிறைச்சாலை. தானியேல் புத்தகத்தில் அக்கினிச் சூளைக்கு முன் நின்ற மூன்று பேரும் கர்த்தர் விடுவிப்பார் என்று சொல்லிவிட்டு, “விடுவிக்காமற்போனாலும்” என்று சேர்த்துச் சொன்னார்கள். அந்த ஒரு சொல் நமக்கு வேண்டும், மாப்பிள்ளை. கவரை நீ திருப்பிக் கொடுத்தால் உன் மேனேஜருக்குப் பிடிக்காமல் போகலாம், பதவி உயர்வு தள்ளிப்போகலாம். சின்னவளுக்கு நினைத்த காலேஜ் கிடைக்காமலும் போகலாம். உனக்கு நான் பொய்யான தைரியம் சொல்லமாட்டேன்.

அந்த வசனத்தில் “பார்வையுள்ளவர்களை” என்று இருக்கிறது, கவனி. பரிதானத்தால் குருடாகிறவன் நன்றாகப் பார்க்கத் தெரிந்தவன், உன்னைப் போல. நீ வேலையை ஒழுங்காகச் செய்கிறாய் என்பதை நான் நம்புகிறேன். ஆனால் பர்ச்சேஸ் வேலையில் இது எப்படி நடக்கும் என்று உனக்கே தெரியும். முதல் கவர் ஒன்றுமே கேட்காது. கொஞ்ச நாள் கழித்து அந்த ஆளுடைய சரக்கு நாலு நாள் தாமதமாக வரும், நீ எழுதி வைக்காமல் விட்டுவிடுவாய். அப்புறம் மூன்று கொட்டேஷனை எதிரே வைத்துப் பார்க்கும்போது அவருடையது மட்டும் கொஞ்சம் நல்லதாகவே தெரியும். அது கணக்கில் வராது, உன் கண்ணில் நடக்கிற வேலை. ஒரு நாள், “மத்தவன் எவ்வளவு போட்டிருக்கான்னு மட்டும் சொல்லுங்க அண்ணே” என்று கேட்பார். அன்றைக்கு “முடியாது” என்று சொல்ல உனக்கு நாக்கு வராது.

பவுல் சொன்ன அந்த வசனத்துக்கும் வருகிறேன். அதே அதிகாரத்தை மேலே போய் வாசித்துப் பார். விதவையான தாயையும் பாட்டியையும் சபையின் தலையில் கட்டிவிட்டுச் சும்மா இருக்கிற பிள்ளைகளுக்குச் சொன்னது அது. உழைத்துக் காப்பாற்று என்கிறாரே தவிர, எப்படியாவது கொண்டுவா என்று சொல்லவில்லை. தன் பிள்ளைகளைக் கர்த்தரைவிட அதிகமாக மதித்த ஆசாரியன் ஏலியை வேதம் எங்கே கொண்டுபோய் நிறுத்துகிறது என்று உனக்குத் தெரியும். சாமுவேல் வயசான காலத்தில் ஜனங்களை எல்லாம் கூட்டி வைத்துக்கொண்டு, யாருடைய எருதை எடுத்தேன், யாருடைய கழுதையை எடுத்தேன், யார் கையில் பரிதானம் வாங்கினேன், சொல்லுங்கள் என்று கேட்டாரே, நீ ஓய்வு பெறுகிற நாளில் அந்த ஆபீசில் அப்படி நின்று கேட்க வேண்டும் என்று எனக்கு ஆசை. சாமுவேல் கேட்டதற்கு ஒருத்தரும் எழும்பி வரவில்லை. ஆனால் அதே சாமுவேலின் மகன்கள் பரிதானம் வாங்கினார்கள் என்றும் வேதம் எழுதி வைத்திருக்கிறது. தகப்பன் நேர்மையாக இருந்தால் மட்டும் போதவில்லை, பார்த்தாயா? அதனால்தான் இதை வீட்டில் வாய்விட்டுப் பேச வேண்டும் என்கிறேன்.

நம் பாட்டிமார் கைப்பிடி அரிசி எடுத்து வைத்ததை நினைத்துப் பார். உலையில் போடுவதற்கு முன்னால் ஒரு கைப்பிடி தனிக் கலயத்துக்குப் போகும், அது கர்த்தருடையது. வீட்டில் அரிசி பொங்கி வழிந்தா எடுத்தார்கள்? பாதி நாள் கஞ்சிதான். பக்கத்து வெள்ளாளன்விளையில் 1874ல் பிறந்து பிற்பாடு பிஷப்பான அசரியா ஐயா காலத்தில், 1903ல், திருநெல்வேலிச் சபைகள் தங்கள் சொந்த ஆட்களை, தங்கள் சொந்தக் காசில் தெலுங்கு நாட்டுக்கு ஊழியத்துக்கு அனுப்பத் துணிந்தன. வெள்ளைக்காரன் பணம் வேண்டாம் என்றார்கள். பனையேறிகளின் வீடுகளிலிருந்தும் அதற்குக் காணிக்கை போனது. “குடும்பத்துக்காகத்தானே” என்று சொல்ல நம்மைவிட அவர்களுக்கு எவ்வளவோ அதிகமான நியாயம் இருந்தது! அவர்கள் சொல்லவில்லை. பிள்ளைகள் பசியோடு பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தப் பிடியை எடுத்தார்கள். கர்த்தருக்கு உள்ளது எது, நமக்கு உள்ளது எது என்று அந்தப் பிள்ளைகள் அடுப்படியிலேயே கற்றுக்கொண்டார்கள். நானும் நீயும் இன்றைக்கு விசுவாசத்தில் இருப்பதற்கு அந்தக் கலயத்துக்கும் பங்கு உண்டு என்று நான் நிச்சயமாக நம்புகிறேன்.

இனி நீ செய்ய வேண்டியது. தானியேல், ராஜாவின் போஜனம் மேஜைக்கு வந்த பிறகு யோசிக்கவில்லை, முன்னாலேயே தன் இருதயத்தில் தீர்மானம் பண்ணிவிட்டான். நீயும் அடுத்த கவர் வருவதற்கு முன்னால் இன்றைக்கே உன் மனைவியிடம் போன் பண்ணிப் பேசு. என்ன வந்தது, யார் கொடுத்தார்கள், ஏன் வேண்டாம் என்று நினைக்கிறாய் என்று எல்லாவற்றையும் சொல். சின்னவளிடமும் சொல். “உன் பீஸ் என் சம்பளத்தில் எவ்வளவு முடியுமோ அவ்வளவுதான்” என்று தகப்பன் நேராகச் சொன்னால் பிள்ளைகள் புரிந்துகொள்வார்கள். யாருக்காக வாங்குவதாக நினைக்கிறோமோ அவர்கள் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் சாத்தானுக்குப் பாதி வாதம் போய்விடும். முதலில் வந்த கவர் இன்னும் டிராயரில் அப்படியே இருப்பதாக எழுதியிருக்கிறாய். அதைப் பிரிக்காமலே திருப்பிக் கொடு, கொடுத்ததை ஒரு மின்னஞ்சலில் எழுதியும் வை. கோபமாகப் பேசாதே, அந்த சப்ளையரும் ஒரு குடும்பத்துக்காக ஓடுகிற மனுஷன்தான்.

சீட் விஷயத்தில் பயப்படாதே. பாளையங்கோட்டையில், நாகர்கோவிலில் நல்ல கலைக் கல்லூரிகள் இருக்கின்றன, அவளுடைய மதிப்பெண்ணுக்கு நேர்வழியிலேயே கிடைக்கும். விண்ணப்பம் கொடுக்கத் தொடங்கியதும் நானே போய் விசாரித்து எழுதுகிறேன். முதல் வருஷப் பீஸில் குறைந்தால் என்னிடம் கேட்கக் கூச்சப்படாதே. கடனாக வேண்டாம், மாமன் கொடுப்பதாக வைத்துக்கொள்.

மகன் விஷயத்தில் ஒரு நல்ல செய்தியை மிச்சம் வைத்திருந்தேன். போன மாதம் வேறொரு இடம் கூடி வந்திருக்கிறது. பெண் நர்சாக வேலை பார்க்கிறாள். அவள் தகப்பனார் சபை ஊழியராக இருந்தவர். நாங்கள் ஒன்றும் வேண்டாம் என்று சொன்னதும் அவர் கண்கலங்கிவிட்டார். இதற்கு முன் வந்த இரண்டு இடங்கள் நகைப் பேச்சிலேயே நின்றுபோனதாம். லெந்து முடிந்து ஈஸ்டருக்கு அப்புறம் ஓலை வாசிக்கச் சொல்லியிருக்கிறோம். கல்யாணம் மே மாதக் கடைசி. இப்போதே லீவுக்கு எழுதிக் கொடுத்துவிடு, உன் மனைவியும் பிள்ளைகளும் ஒரு வாரம் முன்னாலேயே வந்துவிட வேண்டும். சாப்பாட்டுப் பொறுப்பு உன்னுடையது என்று உன் தங்கச்சி ஏற்கனவே முடிவு பண்ணிவிட்டாள்.

அடுத்த வாரம் பக்கத்துத் தெருப் பையன் ஒருவன் ஷார்ஜாவுக்கு வருகிறான். அவனிடம் முதலூர் மஸ்கோத் அல்வாவும் கொஞ்சம் கருப்பட்டியும் கொடுத்து அனுப்புகிறேன். போன் பண்ணி வாங்கிக்கொள். உன் மனைவியிடம் பேசிவிட்டு, அவள் என்ன சொன்னாள் என்று மறக்காமல் எழுது.

இப்படிக்கு,
கிறிஸ்துவுக்குள் உன் அன்பு மச்சான்