பிள்ளைகளின் கண் உயரத்தில்

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய பயணப் பட்டியலைப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை காலை தொடங்கி ஞாயிறு இரவுக்குள் பதினாறு கோயில்கள். ஒவ்வொன்றுக்கும் முக்கால் மணி நேரம், நடுவில் கார் ஓடும் நேரம், சாப்பாட்டுக்கு அரை மணி. ஆண்டுக்கு ஒருமுறை ஊருக்கு வருகிறவன், பிள்ளைகளுக்கு எல்லாவற்றையும் காட்டிவிட வேண்டும் என்று தவிப்பது எனக்குப் புரிகிறது. இருந்தாலும் அந்தப் பட்டியலைக் கிழித்துப் போட்டுவிடு. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் பேசினால் "சரி அக்கா, சரி அக்கா" என்று சொல்லிப் பாதியிலேயே வைத்துவிடுவாய்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு மே மாதத்தில் நானும் இதையேதான் செய்தேன். ஒரே நாளில் ஏழு கோயில். ஐந்தாவது கோயிலில் உச்சி வெயில்; நடை சாத்துவதற்குள் சாமியைப் பார்த்துவிட வேண்டும் என்று எல்லோரையும் விரட்டிக்கொண்டு ஓடினேன். அப்போது சின்னவனுக்கு ஐந்து வயது. வெளிப் பிராகாரத்துக் கருங்கல்லில் நாலு அடி வைத்தான். அதற்குமேல் நிற்கவும் முடியவில்லை, நடக்கவும் முடியவில்லை, வாய்விட்டு அழுதான். தூக்கிக்கொண்டு நிழலுக்கு ஓடினேன். இரவில் பார்த்தால் இரண்டு உள்ளங்காலிலும் கொப்புளம். அதன் பிறகு ஒன்றரை ஆண்டுக்கு, கோயிலுக்குப் போகலாமா என்று யார் கேட்டாலும், "அங்கே கல் சுடுமா அம்மா?" என்பதுதான் அவனுடைய பதில். அந்த ஏழு கோயில்களில் ஒன்றின் பெயர்கூட அவன் நினைவில் இல்லை. சூடு மட்டும் நினைவில் இருந்தது.

அதை ஈடுகட்டத்தான் போன தை மாதம் மறுபடியும் கிளம்பினோம். இந்த முறை மூன்று நாளுக்கு மூன்றே கோயில்கள். தாராசுரம், கங்கைகொண்ட சோழபுரம், தஞ்சாவூர். கும்பகோணத்தில் அறை எடுத்துக்கொண்டோம். காலையில் ஏழு மணிக்குப் போய் வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிடுவோம். மதியம் தூக்கம். நாலரை மணிக்கு மேல், மனம் இருந்தால், அதே கோயிலுக்கு இன்னொரு முறை. காலையில் பார்த்த சிற்பத்தை மாலையில் பார்த்தால் நிழல் வேறு பக்கம் விழுந்து முகமே மாறியிருக்கும். இதை முதலில் கண்டுபிடித்துச் சொன்னவள் என் மகள்.

நீயும் தாராசுரத்திலிருந்து தொடங்கு. இரண்டாம் இராஜராஜன் 12-ஆம் நூற்றாண்டில் கட்டிய ஐராவதேசுவரர் கோயில். தஞ்சைப் பெரிய கோயிலோடு பார்க்கச் சிறியது, பிள்ளைகளை மிரட்டாது. முன்னால் இராஜகம்பீரன் திருமண்டபம் தேர் வடிவில் நிற்கிறது. கல் சக்கரம், பாய்கிற கல் குதிரை. அதைப் பார்த்ததும் சின்னவன் கல் சுடுமா என்று கேட்க மறந்துவிட்டான்.

பெரியவர்களாகிய நாம் கோயிலுக்குள் நுழைந்ததும் அண்ணாந்து, கருவறைக்கு மேல் எழும் விமானத்தைப் பார்க்கிறோம். பிள்ளைகளையும் "மேலே பார், மேலே பார்" என்கிறோம். அவர்களுக்குக் கழுத்து வலிக்கிறது, வெயில் கண்ணில் குத்துகிறது, அவ்வளவு உயரத்தில் இருக்கிற உருவம் எதுவென்றும் தெரிவதில்லை. நானும் அப்படித்தான் விமானத்தைக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தேன். மகளைக் காணவில்லை. திரும்பிப் பார்த்தால் கருவறைச் சுவரின் அடியில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறாள். "அம்மா, இங்கே குட்டிக் குட்டி மனிதர்கள் இருக்கிறார்கள்" என்றாள்.

அறுபத்துமூன்று நாயன்மார்களின் கதைகள், தம்பி. கருவறையைச் சுற்றிச் சுவரின் அடிப்பகுதியில் வரிசையாகச் சிறு சிறு சிற்பங்களாகச் செதுக்கியிருக்கிறார்கள். எந்தக் கதை என்று மேலே எழுத்தும் வெட்டியிருக்கிறார்கள். சேக்கிழார் பெரியபுராணம் பாடியது இந்த அரசனின் தந்தை இரண்டாம் குலோத்துங்கன் காலத்தில். தந்தை காலத்துப் பாட்டு மகன் காலத்தில் கல்லில் ஏறிவிட்டது. நான் அந்தக் கோயிலுக்கு அதற்கு முன் மூன்று முறை போயிருக்கிறேன். அந்தச் சிற்பங்களைக் குனிந்து பார்த்தது அன்றைக்குத்தான். அவள் உட்கார்ந்த இடத்திலேயே நானும் உட்கார்ந்தேன். யாளி வரிசை, பூதகணங்கள், ஆடுகிறவர்கள், குட்டிக்கரணம் அடிக்கிறவர்கள் என்று அத்தனை கூட்டமும் எங்கள் முகத்துக்கு நேராக இருந்தது. எட்டு வயதுப் பிள்ளையின் கண் உயரத்தில் இவ்வளவு வேலை செய்துவைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். நாம்தான் பிள்ளைகளின் முகவாயைப் பிடித்து மேலே தூக்கிவிடுகிறோம்.

ஒரு காரியம் மட்டும் முந்தின இரவே செய்துவிடு. படுக்கும்போது ஒரே ஒரு கதை சொல். நான் கண்ணப்பர் கதையைச் சொன்னேன், பாட்டி நமக்குச் சொன்ன மாதிரியே, செருப்புக் காலை எடுத்து அடையாளம் வைக்கிற இடத்தில் நிறுத்தி நிறுத்தி. மறுநாள் இருவரும் "கண்ணப்பர் எங்கே" என்று சுவரோரமாகவே நகர்ந்து தேடினார்கள். தேடுகிற பிள்ளைக்குக் கால் வலிப்பதில்லை. (பலிபீடத்தருகே தட்டினால் ஓசை எழுப்பும் படிகள் இருக்கின்றன. கம்பி போட்டு அடைத்திருப்பதால் தட்டிப் பார்க்க முடியாது. முன்பே சொல்லிவிடு, இல்லையென்றால் ஏமாந்துபோவார்கள்.)

கங்கைகொண்ட சோழபுரத்துக்குப் போகும் வழியில் அணைக்கரை வரும். அங்கே காரை நிறுத்து. கொள்ளிடத்தின் குறுக்கே நிற்கிற அந்தக் கீழணையைப் பிள்ளைகளுக்குக் காட்டு. பிறகு கோயிலுக்குப் போனதும், சுற்று மதில் எங்கே என்று தேடச் சொல். பெரும்பகுதி இருக்காது. 1836-இல் அந்த அணையைக் கட்டியபோது இராஜேந்திர சோழனின் கோயில் மதிலை இடித்துக் கல்லை எடுத்துப் போனார்கள். என் மகள் வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்படியென்றால் காலையில் நாம் கடந்து வந்ததும் கோயில்தானா?" என்று கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை. அந்தக் கேள்வி அவளோடு இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். ஒரு பழைய கட்டடம் எப்படியெல்லாம் அழியும் என்பது பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டிய விஷயம்.

அந்தக் கோயிலில் வடக்கு வாசல் படியருகே சண்டேச அனுக்கிரக மூர்த்தி இருக்கிறார். சிவபெருமான் உட்கார்ந்திருக்க, கீழே அடியார் சண்டேசர் கைகூப்பித் தலைகுனிந்திருக்க, அவர் தலையில் இறைவன் தன் கையால் பூமாலையைச் சுற்றுகிறார். சின்னவன் பார்த்துவிட்டு, "அப்பா எனக்குத் தலை துவட்டிவிடுகிற மாதிரி இருக்கிறது" என்றான். அந்தச் சிற்பத்தைப் பற்றி எவ்வளவோ படித்திருக்கிறேன், இதைவிட நன்றாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை. புல்வெளி நிறைய இருக்கிறது, கூட்டம் குறைவு. ஓடட்டும், விடு.

இனி தஞ்சாவூர். இங்கே உன்னிடம் ஒன்றை வற்புறுத்திக் கேட்கிறேன். பெரிய கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று பிள்ளைகளிடம் சொல்லாதே. நம் அப்பா நமக்குச் சொன்னார், அவருக்கு அவருடைய வாத்தியார் சொன்னார். பள்ளிக்கூடம் முழுக்க நாம் அதைப் பெருமையாகச் சொல்லித் திரிந்தோம். அன்று மாலை சண்டிகேசுவரர் சன்னதிப் பக்கம், குளிர்ந்த தரை பார்த்து நாங்கள் உட்கார்ந்திருந்தோம். அருகில் ஒருவர் தன் குடும்பத்துக்கு அதே கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். மகள் என் காதருகே வந்து, "அம்மா, அப்படியென்றால் நாம் உட்கார்ந்திருப்பது எதனுடைய நிழல்?" என்று கேட்டாள். நிமிர்ந்து பார்த்தேன். விமானத்தின் நிழல்தான். நீளமாகப் பிராகாரத்தில் விழுந்து கிடந்தது, அதில்தான் பாதிக் கூட்டமும் இளைப்பாறிக்கொண்டிருந்தது.

பொய்யான அதிசயம் ஒன்றைச் சொல்லிவிட்டால், பிள்ளை அதைக் கண்டுபிடிக்கிற நாளில் நாம் சொன்ன உண்மைகளையும் சேர்த்துத் தூக்கிப் போட்டுவிடும். அந்தக் கோயிலுக்குப் பொய் தேவையே இல்லை. சுற்றிலும் வயலும் வாய்க்காலுமாக இருக்கிற ஊரில், மலை இல்லாத ஊரில், இவ்வளவு கருங்கல்லைக் கொண்டுவந்து, 216 அடி உயரத்துக்கு அடுக்கி, 1010-இல் முடித்திருக்கிறார்கள். கிரேன் இல்லை, லாரி இல்லை. "எப்படித் தூக்கியிருப்பார்கள்?" என்று கேட்டுவிட்டு நீ வாயை மூடிக்கொள். சின்னவன் யானை என்றான், மகள் மண்ணைக் கொட்டிச் சரிவுப் பாதை போட்டிருப்பார்கள் என்றாள். அறைக்குத் திரும்பும் வரை அந்தச் சண்டை ஓயவில்லை.

பிறகு விமானத்தின் அடித்தளத்துக்குக் கூட்டிப் போ. அங்கேயும் பிள்ளைகளின் கண் உயரத்தில்தான் செல்வம் இருக்கிறது. கல் முழுக்க எழுத்து. உன் பிள்ளைகள் வார இறுதியில் தமிழ் வகுப்புக்குப் போகிறார்களே, அவர்களை 'ப' எங்கே, 'ட' எங்கே என்று தேடச் சொல். கிடைக்கும். ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய கல்லில், தான் நோட்டுப் புத்தகத்தில் எழுதிப் பழகிய எழுத்தைப் பார்க்கிற பிள்ளையின் முகத்தை நீ பார்க்க வேண்டும்.

கல்வெட்டு படிக்கத் தெரிந்த ஒரு பெரியவர் அன்று அங்கே இருந்தார். எங்களுக்காகக் கொஞ்சம் படித்துக் காட்டினார். கோயிலில் ஆடுவதற்காக வெவ்வேறு ஊர்களிலிருந்து வந்த நானூறு பெண்களின் பெயர்கள் அங்கே இருக்கின்றன. எந்தத் தெரு, எந்தச் சிறகு (தெருவின் எந்தப் பக்கத்து வீட்டு வரிசை), எத்தனையாவது வீடு என்று விலாசத்தோடு. ஆளுக்கு ஒரு பங்கு, பங்குக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல். கோயிலைக் கட்டிய குஞ்சரமல்லன் என்ற பெருந்தச்சனின் பெயரும் இருக்கிறது. "அரசன் பெயர் மட்டும் இல்லையா?" என்று மகள் ஆச்சரியப்பட்டாள்.

அப்புறம் அவர் ஒரு வரியைப் படித்தார். இந்தக் கோயிலைக் கட்டுவித்த முதலாம் இராஜராஜன், இதற்கு வந்த கொடைகளைக் கல்லில் வெட்டச் சொல்கிற இடம். "நாம் குடுத்தனவும், அக்கன் குடுத்தனவும், நம் பெண்டுகள் குடுத்தனவும், மற்றும் குடுத்தார் குடுத்தனவும்." அக்கன் என்றால் குந்தவை. தன்னைச் சொன்ன கையோடு அக்காவைச் சொல்கிறான், மனைவியர் அதற்குப் பிறகுதான் வருகிறார்கள். தம்பி, எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. என் மகள் சின்னவனைத் திரும்பிப் பார்த்தாள். அவன், "நான் ராஜாவானால் உன் பெயரையும் போடுகிறேன்" என்றான். அன்று இரவு உனக்குப் போன் செய்து ஒன்றும் சொல்லாமல் வெறுமனே நலம் விசாரித்தேனே, அது இதனால்தான்.

சில காரியங்களைச் சொல்லிவிடுகிறேன். சிற்பங்களைத் தொட வேண்டாம் என்று முதல் நாளே பழக்கு. ஆயிரம் கைகள் தடவித் தடவி மூக்கும் விரலும் மழுங்கிப்போன உருவங்கள் எத்தனையோ. விபூதி, குங்குமம் கையில் மிஞ்சினால் தூணில் தேய்க்காமல் இருக்க ஒரு காகிதம் மடித்து வைத்துக்கொள். ஆளுக்கு ஒரு வரைபுத்தகம், ஒரு பென்சில். ஒரு கோயிலுக்கு ஒரு படம் போதும். போட்டோ எடுப்பதை நீயும் குறைத்துக்கொள், நீ போனைப் பார்த்தால் அவர்களும் போனைத்தான் பார்ப்பார்கள். தண்ணீர் தாராளமாக இருக்கட்டும். உன் சின்னவள் கருவறை இருட்டைக் கண்டு பயந்தால் இழுத்துக்கொண்டு போகாதே. தோளில் வைத்துக்கொண்டு அர்த்த மண்டபத்திலேயே நில். தீபாராதனை காட்டும்போது அந்த இருட்டுக்குள்ளிருந்து முகம் தெரியும் பார், அதை அவள் தானாகவே எட்டிப் பார்ப்பாள். இவை பூசை நடக்கிற கோயில்கள். எண்ணெய் வாசனையும் மணியோசையும் வில்வ இலையும் இல்லாமல் சிற்பத்தை மட்டும் காட்டிவிட்டு வந்தால், பாதியைத்தான் காட்டியிருப்பாய்.

மற்ற பதின்மூன்று கோயில்களும் எங்கும் போய்விடாது. அடுத்த ஆண்டு வா, அதற்கடுத்த ஆண்டும் வா.

இன்னொன்று. தாராசுரத்தில் ஒரு யானையும் ஒரு காளையும் ஒரே தலையைப் பங்குபோட்டு நிற்கிற சிற்பம் இருக்கிறது. ஒரு பக்கத்து உடலைக் கையால் மறைத்தால் யானை, மறு பக்கத்தை மறைத்தால் காளை. என் மகள் அதை அரை மணி நேரம் உட்கார்ந்து வரைந்திருக்கிறாள். அது எந்த இடத்தில் இருக்கிறது என்று உனக்குச் சொல்லக் கூடாது என்பது அவள் உத்தரவு. உன் பிள்ளைகளை அவளே கூட்டிப்போய்த் தேடவைக்கப் போகிறாளாம். அதனால் இந்தப் பத்தியை மட்டும் அவர்களுக்குப் படித்துக் காட்டாதே.

டிக்கெட் போட்டதும் சொல். கும்பகோணத்தில் அறை பார்த்துவைக்கிறேன்.

அன்புடன்,
அக்கா