கருப்பையை எடுப்பது மட்டும்தான் வழியா?

ஆசிரியர் அவர்களுக்கு,

ஆறு ஆண்டுகளாக மாதவிடாய் நாட்களில் என் அக்கா வெந்நீர்ப் பையை வயிற்றில் அழுத்திக்கொண்டே சோறு வடித்தார். 'பெண் என்றால் அப்படித்தான்' என்றார்கள். அதிக ரத்தப்போக்கால் வந்த ரத்தசோகையில் மயங்கி விழுந்த பிறகே ஸ்கேன் எடுத்தோம்: அடினோமயோசிஸ். கருப்பையின் உட்சவ்வு தசைச் சுவருக்குள் ஊடுருவி வளரும் நோய், புற்றுநோய் அல்ல. முதலில் பார்த்த மருத்துவமனையில் கருப்பையை எடுத்துவிடச் சொன்னார்கள். ரத்தப்போக்கைக் குறைக்கும் மாத்திரைகளோ, காப்பர்-டி போலக் கருப்பைக்குள் வைக்கும் லெவோநார்ஜெஸ்ட்ரல் ஹார்மோன் சாதனமோ இருப்பதைச் சொல்லவே இல்லை. அச்சாதனம் வைத்த சில மாதங்களில் அக்கா மீண்டும் வேலைக்குப் போனார். ஆரம்ப சுகாதார நிலையங்களில் இரும்புச்சத்து மாத்திரை தரும்போதே, 'மாதவிடாய் எத்தனை நாள்? ஒரு நாளைக்கு எத்தனை நாப்கின்?' என்று தயவுசெய்து கேளுங்கள்.

வாசகி, கரூர்