ஓராண்டு விதியும் ஒரு கட்டிலும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வார இதழில், வீட்டில் சேர்ந்துவிட்ட பொருள்களைக் கழிப்பது பற்றிய கட்டுரையில், 'ஓராண்டாகக் கை படாத பொருள் உங்களுக்குத் தேவையில்லாத பொருள்' என்று கட்டம் கட்டிப் போட்டிருந்தீர்கள். அந்தக் கட்டத்தை மட்டும் கத்தரித்து எடுத்துக்கொண்டு, கறுப்புப் பைகளோடு என் மகள் வந்து நிற்கிறாள். சந்தா கட்டி இதழை வரவழைப்பவன் நான்தான் என்பதால் வாய் திறக்க வழியில்லை.

இதே விதியை நான்கு ஆண்டுகளுக்கு முன்பும் நீங்கள் வெளியிட்டீர்கள். அப்போது நான் நம்பினேன். மேசை இழுப்பறையைக் கவிழ்த்துக் கொட்டியதில், கட்டிலோடு வந்த ஆலன் சாவியும் குப்பைக்குப் போயிற்று. போல்ட்டைத் திருகுவதற்கான, சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத வளைந்த கம்பி. ஓராண்டாக அதைத் தொடவில்லை என்பது உண்மைதான். பூட்டிய கட்டிலை இரவுதோறும் கழற்றிப் பூட்டும் வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. பிறகு வீடு மாறும் நாளில் லாரி வாசலில் நிற்கிறது, கட்டில் கதவுக்குள் நுழையவில்லை. அவசரத்தில் ஸ்க்ரூடிரைவரைச் செருகித் திருகினார்கள். போல்ட்டின் அறுகோணத் துளை தேய்ந்து வட்டமாகிவிட்டது. அதற்குப்பின் சரியான சாவியே கிடைத்தும் பிடிக்கவில்லை. பக்கச் சட்டத்தை ரம்பத்தால் அறுத்துத்தான் கட்டிலை வெளியே எடுத்தோம். இன்றும் அதன் ஒரு பக்கம் வேறு நிறம்.

டார்ச், ஊன்றுகோல், தீயணைப்பான் ஆகியவற்றுக்கும் உங்கள் விதி பொருந்துமானால், ஆண்டுக்கு ஒரு மின்வெட்டு, ஒரு எலும்பு முறிவு, ஒரு சிறு தீ விபத்து என்று நாங்கள் ஏற்பாடு செய்துகொள்ள வேண்டியதுதான்.

கட்டுரையில் நல்லதே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஒரே வகைப் பொருளை வீடு முழுவதிலுமிருந்து ஓரிடத்தில் குவித்துப் பாருங்கள் என்ற யோசனை அருமையானது. எங்கள் வீட்டில் ஏழு கத்தரிக்கோல்கள் வந்து விழுந்தன. ஒவ்வொன்றும் முந்தையது கிடைக்காததால் வாங்கியது. துணிகளை அடுக்காமல் மடித்து நிறுத்தி வைப்பதையும் இன்றுவரை கடைப்பிடிக்கிறேன். நடுவில் இருக்கும் சட்டையை உருவினால் மற்றவை சரிவதில்லை.

ஆனால் இவை வீட்டை ஒழுங்குபடுத்துவது பற்றிப் புத்தகம் எழுதிப் புகழ்பெற்ற ஜப்பானியர் மரி கொண்டோ பரப்பிய முறைகள் என்று எழுதிய கட்டுரையாளர், அவர் வகுத்த வரிசையையே தலைகீழாக்கியிருக்கிறார். 'முதலில் பழைய புகைப்படங்களில் கை வையுங்கள்' என்கிறார். கொண்டோ சொல்வது முதலில் துணி, பிறகு புத்தகம், காகிதம், சில்லறைச் சாமான்கள். புகைப்படம் போன்ற நினைவுப் பொருள்கள் கடைசியில். எதை வைத்துக்கொள்வது என்று முடிவெடுக்கத் துணிகளில் பழகிய பிறகே அங்கே போக வேண்டும் என்பதுதான் அதன் காரணம். மூன்றாவது குழந்தை பிறந்தபின் வீட்டை ஒழுங்காக வைப்பதை ஏறக்குறைய விட்டுவிட்டதாக அவரே 2023இல் ஒப்புக்கொண்டதும் தங்களுக்குத் தெரியாததல்ல. அதற்கு ஒரு வரி இடம் கிடைக்கவில்லை. எதிர்ப்பக்கத்தில் பிளாஸ்டிக் பெட்டிகளின் முழுப்பக்க விளம்பரத்துக்கு இடம் கிடைத்தது.

சொல்ல வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். சந்தாவைப் புதுப்பிக்கும்போதெல்லாம் நான் கேட்காத ஒரு டப்பாவை அனுப்புபவர்கள் நீங்கள். 'பாதுகாக்க வேண்டிய சிறப்பிதழ்' என்று அட்டையில் அச்சிட்டவர்களும் நீங்கள். நான் பாதுகாத்தேன். இப்போது பழைய இதழ்களை முதல் பையில் போடச் சொல்கிறீர்கள்.

பைக்குள் போனவை எங்கே போகின்றன என்பது பற்றியும் கட்டுரையில் மூச்சில்லை. 2022இல் மட்டும் உலகில் 6.2 கோடி டன் மின்கழிவு சேர்ந்தது. முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகக் கணக்கில் வந்தது கால் பங்குகூட இல்லை. என் வீட்டு அலமாரி காலியாகிவிட்டது என்பதற்காகப் பழைய சார்ஜர் உலகத்தைவிட்டே போய்விடுமா?

கட்டில் பலகைக்கு ஈடு கேட்கவில்லை. புகைப்படங்கள் முதலில் அல்ல, கடைசியில் என்று நான்கு வரித் திருத்தம் ஒன்றை, கத்தரிக்க வசதியாகக் கட்டம் கட்டி, இந்த இதழிலேயே வெளியிட்டால் போதும். என் பெற்றோரின் படங்கள் இருக்கும் பெட்டி ஏற்கெனவே வாசற்கதவுக்கு அருகே வந்துவிட்டது. மகள் ஞாயிற்றுக்கிழமை மறுபடி வருகிறாள்.

இப்படிக்கு,
பழைய சந்தாதாரர் ஒருவர்