தொப்பூர் பெரியவருக்கு நன்றி
தருமபுரியிலிருந்து சேலம் போகையில், தொப்பூர் இறக்கத்துக்கு முன்பே கருகிய ஆயில் வாடை. என் 1968 அம்பாசிடரின் என்ஜினுக்கு அடியில் ஆயில் தேங்கும் தொட்டியான சம்ப்பின் விளிம்பெல்லாம் சொட்டு. யாரோ போல்ட்டுகளை முறுக்கிய முறுக்கில் ஆயில் கசியாமல் அடைக்கும் கார்க் பேக்கிங் பிதுங்கிக் கிழிந்திருந்தது. டிக்கியில் கிடந்த புதியதோ காய்ந்து சுருங்கியதால் துளைகள் பொருந்தவில்லை.

டீக்கடையிலிருந்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நீங்கள் வந்தீர்கள். பேக்கிங்கைத் தண்ணீரில் ஊறப்போட்டீர்கள். அது இளகி நீண்டு கொடுத்தது! அதற்குள் சம்ப் விளிம்பின் மேடுகளைக் கட்டையில் வைத்துத் தட்டிச் சமமாக்கினீர்கள். “கார்க் கவ்வினால் போதும் தம்பி, நசுங்கக் கூடாது” என்றபடி போல்ட்டுகளை எதிரெதிராக முடுக்கினீர்கள்.

ஐயா, பணமும் வாங்கவில்லை, பெயரும் சொல்லவில்லை. டீக்காசையும் நீங்களே கொடுத்துவிட்டீர்கள். அதில் எனக்குச் சற்றுக் கோபம்தான். வண்டி இன்றுவரை ஒரு சொட்டும் சிந்தவில்லை. உங்கள் வெள்ளை வேட்டியில் பட்ட ஆயில் கறை போயிற்றா?