கண்ணாடிக் கடை சீட்டோட கீழ்ப்பாதியையும் படிங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்ங்க.

போன வாரம் உங்க பேப்பர்ல ஸ்கூல் பசங்களுக்கு கண் பரிசோதனை பண்றத பத்தி வந்திருந்துச்சு, சார்ட்ட படிக்க வச்சு, எழுத்து தெரியலைன்னா கண்ணாடி குடுக்கறாங்கன்னு. நல்ல வேலைங்க அது, அத குறை சொல்ல இத எழுதல. ஆனா என் பையன் அந்த சார்ட்டயும் படிச்சான், மூணு வருஷத்துல நாலு கண்ணாடியும் மாத்தினான், அப்பவும் அவனுக்கு கெரட்டோகோனஸ் இருக்குன்னு யாரும் சொல்லல. காலேஜ் மொத வருஷத்துல தான் தெரிஞ்சுது. அதுக்குள்ள வலது கண்ணு ரொம்ப தூரம் போயிடுச்சு.

தெரியாதவங்களுக்காக சொல்றேன், கண்ணு முன்னாடி கண்ணாடி மாதிரி இருக்கிற கருவிழி (கார்னியா) நடுவுலயோ கொஞ்சம் கீழயோ மெலிஞ்சு போய், உள்ள இருக்கிற அழுத்தத்துல கூம்பு மாதிரி முன்னாடி தள்ளிக்கிட்டு வர்ற வியாதி இது. பெரும்பாலும் பத்து பதினஞ்சு வயசுல ஆரம்பிக்குது, முப்பது முப்பத்தஞ்சு வரைக்கும் கூடிக்கிட்டே போகலாம். மொதல்ல வெறும் சிலிண்டர் பவர் மாதிரி தான் தெரியும், அதாவது கருவிழி ஒரு திசையில மட்டும் ஜாஸ்தி வளைஞ்சிருக்கறதுக்கு போடற பவர், அதனால கடையிலயும் கண்ணாடி பவர் மாறிடுச்சுன்னு புதுசு போட்டு அனுப்பிடறாங்க. என் பையனுக்கு பத்தாவதுல சிலிண்டர் 1, ப்ளஸ் ஒன்ல 1.75, ப்ளஸ் டூல 3, காலேஜ் சேர்ந்தப்ப 4.50. ஒவ்வொரு தடவையும் காசு குடுத்து கண்ணாடி வாங்கிட்டு வந்தேன், செல்போன் ஜாஸ்தி பாக்கறான்னு அவன திட்டவும் செஞ்சேன். அது இப்ப நெனச்சாலும் தொண்டைய அடைக்குது.

நான் கோயம்புத்தூர் கணபதியில லேத் பட்டறை வச்சிருக்கேன், இருபத்தாறு வருஷமா மைக்ரோமீட்டர் புடிக்கிற கை இது. அதனால தான் இந்த விஷயம் என்ன இந்த அளவுக்கு உறுத்துது. கண்ணாடிக் கடையில தாடைய வச்சு உக்கார சொல்லி ஒரு மெஷின்ல பாப்பாங்கல்ல, உள்ள ஒரு படம் தெரியும், பட்டன் அமுக்கினா சின்ன சீட்டு ஒண்ணு வரும். அந்த சீட்டோட மேல்பாதியில கண்ணாடி பவர் இருக்கும். பல மெஷின்ல கீழ்ப்பாதியில ஆர் ஒன், ஆர் டூன்னு ரெண்டு வரி வரும், அது தான் கே ரீடிங், கருவிழியோட வளைவு. ரேடியஸ் மில்லிமீட்டர்ல போட்டு பக்கத்துலயே பவரும் போட்டிருக்கும். 337.5ஐ அந்த ரேடியஸால வகுத்தா பவர் வந்துடும். சராசரி கண்ணுக்கு ரேடியஸ் 7.8 மில்லி கிட்ட, பவர் 43 சொச்சம். ரேடியஸ் குறைய குறைய கருவிழி கூர்மையாகுதுன்னு அர்த்தம், இதுக்கு டாக்டருக்கு படிக்கணும்னு இல்ல, டர்னர் பையன கேட்டா கூட சொல்லுவான்.

அவன பாத்த கண் டாக்டரம்மா பழைய சீட்டு ஏதாச்சும் இருக்கான்னு கேட்டாங்க. பட்டறை பில்லோட சேத்து போட்டு வச்சிருந்தேன், ஆனா அது ஏடிஎம் சீட்டு மாதிரி பேப்பர்ங்க, பத்தாவதுல எடுத்தது முழுசா வெளுத்து வெள்ளையாயிடுச்சு. ப்ளஸ் ஒன்ல எடுத்தது மட்டும் சாய்ச்சு புடிச்சா தெரிஞ்சுது. வலது கண்ணு ஆர் டூ 7.20, அதாவது கிட்டத்தட்ட 47. இடது கண்ணு 44 சொச்சம். காலேஜ் சேந்தப்ப எடுத்ததுல வலது 6.75, அதாவது 50. அவங்க அந்த பழைய சீட்டுல வெரல வச்சு, இதுலயே இருந்திருக்குங்கன்னு மெதுவா சொன்னாங்க. ரெண்டு வருஷம் அந்த நம்பர் என் மேஜை டிராயர்ல கிடந்திருக்கு, கடையில அத பாக்கல, எனக்கு பாக்க தெரியல.

பட்டறையில ஒரு ஜாப் டாலரன்ஸுக்குள்ள, அதாவது அனுமதிச்ச அளவுக்குள்ள, இருந்தா மட்டும் பத்தாதுங்க, காலையில எடுத்த பீஸுக்கும் மத்தியானம் எடுத்த பீஸுக்கும் அளவு ஒரே பக்கமா நகந்துக்கிட்டே போனா டூல் தேயுதுன்னு மெஷின நிறுத்திடுவோம், ரிஜெக்ட் ஆகற வரைக்கும் காத்திருக்க மாட்டோம். கண்ணுக்கும் அதே கணக்கு தான்னு டாக்டரம்மா சொன்னாங்க. 47க்கு மேல போனா சந்தேகப்படணும், ஆனா பொறவியிலயே வளைவு ஜாஸ்தியா இருந்து வருஷக்கணக்கா அசையாம இருக்கறவங்களும் உண்டு. அத விட 45ல இருந்து 46.5க்கு ஏறுற பதினஞ்சு வயசு கண்ணு தான் பயம். ரெண்டு கண்ணுக்கும் வித்தியாசம் ஜாஸ்தியா இருந்தாலும் கவனிக்கணும்.

அதே சமயம் கே ரீடிங் சரியா இருக்கு, அப்ப ஒண்ணும் இல்லைன்னு நெனச்சுடவும் கூடாது. அந்த மெஷின் கருவிழி நடுவுல ஒரு மூணு மில்லி வட்டத்த தான் அளக்குது, கூம்பு பெரும்பாலும் அதுக்கு கீழ தள்ளி இருக்கும். அதுக்கு தான் கருவிழி முழுசையும் பாக்கற டோப்போகிராஃபின்னு ஒரு ஸ்கேன். அதுல பழசு, கருப்பும் வெள்ளையுமா வட்டம் போட்ட தட்ட கண்ணு மேல காமிச்சு அந்த பிம்பம் எப்படி விழுதுன்னு பாக்கறது, 1880ல போர்ச்சுகல் டாக்டர் ப்ளாசிடோ பண்ணது. நாங்களும் பாலிஷ் போட்ட ஷாஃப்ட்ல டியூப்லைட் பிம்பம் நெளியுதான்னு தான் பாப்போம், அதே தான். இப்ப பென்டாகேம் மாதிரி மெஷின்ல கேமரா சுத்தி வந்து கருவிழியோட முன்பக்கம், பின்பக்கம், ஒவ்வொரு எடத்துலயும் தடிமன் எல்லாத்தையும் எடுத்துடுது. வியாதி ரொம்ப ஆரம்பத்துல பின்பக்க வளைவுல தான் தெரியுமாம், கடை மெஷினுக்கு அது எட்டவே எட்டாது.

தடிமன்னதும் எனக்கு இன்னும் சுருக்குன்னு ஆச்சு. நல்ல கண்ணுக்கு நடுவுல 520, 540 மைக்ரான், அர மில்லிய விட ஒரு துளி ஜாஸ்தி. என் பையனுக்கு வலது கண்ணுல மெலிஞ்ச எடம் 388, இடது 462. ரைபோஃப்ளேவின்ங்கற வைட்டமின் சொட்டு விட்டு அல்ட்ரா வயலட் லைட் அடிச்சு கருவிழிய கெட்டிப்படுத்தற கிராஸ்லிங்கிங்னு ஒரு ட்ரீட்மென்ட் இருக்கு, ஜெர்மனியில டிரெஸ்டன்ல கண்டுபுடிச்சு 2003ல வெளியிட்டது. அது வியாதிய அப்படியே நிறுத்தும், போன வளைவ முழுசா திருப்பித் தராது. வழக்கமா பண்ற முறைக்கு 400 மைக்ரானாவது வேணும், இல்லைன்னா அந்த வெளிச்சம் உள் அடுக்கு செல்ல கெடுத்துடும். இடது கண்ணுக்கு பண்ணிட்டோம், ஒன்றரை வருஷமா நம்பர் அசையல. வலது கண்ணுக்கு கெட்டி கான்டாக்ட் லென்ஸ் போட்டு ஓட்டறோம், தூசி விழுந்தா துடிச்சு போயிடறான். ப்ளஸ் ஒன்லயே ஸ்கேனுக்கு அனுப்பியிருந்தா ரெண்டு கண்ணுமே 400க்கு மேல இருந்திருக்க வாய்ப்பு நெறைய.

இது அபூர்வ வியாதின்னு என் கிட்ட சொன்னவங்க உண்டு. மகாராஷ்டிராவுல கிராமத்து ஜனங்கள முப்பது வயசுக்கு மேல அளந்து பாத்ததுல 2.3 சதவீதம்னு 2009ல வந்திருக்கு, அது 48க்கு மேல கே ரீடிங் இருக்கறவங்கள வச்சு மட்டும் போட்ட கணக்கு, அதனால கொஞ்சம் முன்ன பின்ன இருக்கும். சவுதியில ரியாத்ல சின்னப் பசங்கள பென்டாகேம்ல பாத்ததுல 4.79 சதவீதம், இருபத்தொண்ணுல ஒருத்தர். அம்பது பேர் படிக்கிற கிளாஸ்ல ஒண்ணு ரெண்டு பேருக்கு இருந்தா அத எப்படிங்க அபூர்வம்னு சொல்றது?

கண்ணாடி வேண்டாம்னு லேசிக் பண்ணிக்க போறவங்களுக்கு இந்த ஸ்கேன் எடுக்காம யாரும் கத்தி வைக்கறதில்ல, மெலிஞ்ச கருவிழியில லேசர் பண்ணா அது இன்னும் தள்ளிக்கும்னு எல்லாருக்கும் தெரியும். ஆனா வருஷா வருஷம் சிலிண்டர் ஏறுற பையனுக்கு அது எடுக்கணும்னு தோண மாட்டேங்குது. எல்லா பசங்களுக்கும் பென்டாகேம் எடுங்கன்னு நான் கேக்கல, அது நடக்காது. கண்ணாடிக் கடைக்காரங்க கே ரீடிங்க கண்ணாடி கார்டுல பேனாவால எழுதிக் குடுக்கணும், போன தடவ எழுதினதோட ஒத்துப் பாக்கணும். ஸ்கூல் முகாம்ல சிலிண்டர் வர்ற பசங்களுக்காவது கே ரீடிங் எடுக்கணும், கையில தூக்கிட்டு போற மெஷினே இருக்கு. சிலிண்டர் ஏறிக்கிட்டே போனா, கண்ணாடி போட்டும் கடைசி வரி தெரியலைன்னா, ஸ்கேன் இருக்கிற ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடணும்.

பெத்தவங்களுக்கு ஒண்ணு. கண்ண கசக்கறது தான் இந்த வியாதிக்கு எண்ணெய் ஊத்தற மாதிரி. என் பையன் அஞ்சாறு வயசுல இருந்தே வெயில் காலம் வந்தா கண்ணு அரிக்குதுன்னு விரல் முட்டிய வச்சு தேய்ப்பான், தூக்கம் வருது போலன்னு விட்டுட்டோம். அலர்ஜிக்கு மருந்து இருக்கு, காட்டுங்க.

வீட்ல ஒருத்தருக்கு இருந்தா கூடப் பொறந்தவங்களையும் பாக்கணும்னாங்க. பொண்ணு ஒம்பதாவது படிக்குது, ஸ்கேன் எடுத்தோம், இப்போதைக்கு ஒண்ணும் இல்ல, கே ரீடிங் 43.50, மெலிஞ்ச எடமே 531 மைக்ரான். பட்டறையில இன்ஸ்பெக்ஷன் ரிப்போர்ட் எழுதற நோட்டுல அவளுக்குன்னு ஒரு பக்கம் போட்டு தேதியோட எழுதி வச்சிருக்கேன். அடுத்தது மே மாசம்.

இப்படிக்கு,
லேத் பட்டறைக்காரர் ஒருவர்,
கணபதி, கோயம்புத்தூர்